மீனில்லாத தொட்டியின் பாசி

ஊரில் எவன் வீட்டு மீன் செத்தாலும் அவளுக்குத்தான் போன் வரும். பல் டாக்டர் கிளினிக், வங்கி, ஹோட்டல் வரவேற்பறை என்று மீன்தொட்டிகளைக் கழுவிப் பிழைப்பவள்; கடைக்காரர்கள் வைத்த பெயர் தொட்டிக்காரி. தன் கைபட்டால் எந்தத் தண்ணீரும் தெளிந்துவிடும் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டும், உண்மைதானே.

அவள் வீட்டுத் தொட்டி மட்டும் வேறு கதை. அம்மா ஆசையாக வளர்த்த தொட்டி. அம்மா போன கையோடு மீன்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. இப்போது அதில் கல்லும் மணலும் தண்ணீரும்தான். கலைத்துவிடலாம் என்றால் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். "அவ தொட்டி, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். கிழவரின் ஆசையைக் கெடுப்பானேன் என்று அவளும் பம்ப்பை ஓடவிட்டாள்.

தொட்டிக்குக் கீழே அவளே கட்டிய பாசி வடிகட்டி இருந்தது. பெரிய வித்தையொன்றும் இல்லை. சொரசொரப்பான ஒரு வலை, அதன்மேல் வழியும் தண்ணீர், இருபுறமும் சிவப்பு லைட். தண்ணீரில் சேரும் மீன் கழிவையும் மிச்சத் தீனியையும் வலையில் வளரும் பாசி தின்றுவிடும். வாரம் ஒருமுறை பாதிப் பாசியைச் சுரண்டி எறிந்தால் அழுக்கும் கூடவே வெளியேறும். உள்ளே தீனி விழுந்தால் பாசி வளரும், விழாவிட்டால் வலை வெளுத்துவிடும். அவ்வளவுதான் கணக்கு.

மீனே இல்லாத அந்தத் தொட்டியில் பாசி கம்பளி போலத் தடித்து வளர்ந்தது.

கல்லில் ஊறிய பழைய கழிவாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். நாள் போகப் போகப் பாசி கூடியதே தவிரக் குறையவில்லை. அவளா விடுவாள்? வலையைப் பெரிதாக்கினாள். நுரையோடு அழுக்கைத் தள்ளும் இன்னொரு ஃபில்டரை மாட்டினாள். கரித்தூள் பையைத் தொங்கவிட்டாள். தண்ணீர் பளபளத்தது. சோதனைக் குப்பியில், கழிவு இருந்தால் தெரியும் நைட்ரேட்டின் சிவப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தாள்.

அதே சமயம் அப்பா இளைத்துக்கொண்டே வந்தார். காலையில் அவள் மூடி வைத்துவிட்டுப் போகும் சாப்பாட்டுத் தட்டு, சாயங்காலம் வழித்து நக்கியது போலக் காலியாக இருக்கும். ஆனால் அவருடைய கைக்கடிகாரம் நழுவி முழங்கை வரை ஓடியது. டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இப்படியே போனா தாங்க மாட்டார்ம்மா" என்றார். அவளுக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான்.

ஒரு மத்தியானம், மறந்துவிட்டுப் போன ரப்பர் குழாயை எடுக்கத் திரும்பி வந்தாள். அப்பா தொட்டியருகே நின்று, சாப்பாட்டைக் கூழாகப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"உங்கம்மா பசிக்குதுங்கிறாம்மா."

அவள் அவர் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாள். அந்தப் பதிலைவிடக் கொடுமையாக இருந்தது அடுத்து உறைத்த விஷயம். அவள் மட்டும் வேலையில் கொஞ்சம் மட்டமாக இருந்திருந்தால் தண்ணீர் ஒரே வாரத்தில் கலங்கி நாறியிருக்கும், குட்டு அன்றைக்கே உடைந்திருக்கும். அப்பா பட்டினி கிடந்ததை அவளுடைய ஃபில்டர்தான் தடயமில்லாமல் கழுவிவிட்டிருந்தது. வாராவாரம் சுரண்டிக் குப்பையில் போட்டது அப்பாவின் உடம்பைத்தான். தன் கெட்டிக்காரத்தனத்தின் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

அன்றே தொட்டி இருந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பம்ப்பை நிறுத்த மட்டும் மனசு வரவில்லை, அம்மாவின் தொட்டியாயிற்றே.

"அப்போ அவளுக்கு யாரு போடுவா?" என்று அப்பா குழந்தை மாதிரி அழுதார்.

"நான் போடுறேன். நீங்க சாப்பிடுங்க, அது போதும்." அவரை அடக்க வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள்.

அதன்பின் அவர் முரண்டு பிடிக்கவில்லை. மத்தியானம் அவள் வீட்டுக்கே வந்து எதிரில் உட்கார்ந்து ஊட்டினாள். அப்பாவின் கன்னம் தேறியது, கடிகாரம் மணிக்கட்டிலேயே நின்றது. தன் மருந்துதான் வேலை செய்தது என்று டாக்டர் பெருமைப்பட்டுக்கொண்டார். பட்டுக்கொள்ளட்டும்.

சில வாரம் கழித்து, இதற்குள் வலை வெளுத்திருக்கும் என்று நினைத்துச் சுரண்டும் தகட்டோடு போனாள். பாசி முன்னைவிடத் தடித்துக் கிடந்தது. கோபம் தலைக்கேறியது.

"சாவி எப்படிப்பா கிடைச்சுது? மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா?"

அப்பா நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் எதுக்கும்மா அங்க போறேன்? எனக்கு ஊட்டி முடிச்சதும் நீதானே உன் தட்டை எடுத்துட்டு உள்ள போற. தினமும் போறியே."

அவள் சிரிக்கப் பார்த்தாள். இன்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்தாள். நேற்று? முந்தாநாள்? எதுவும் ஞாபகம் வரவில்லை. சாவி இருக்கிறதா என்று பார்க்கக் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனாள். வளையல் நழுவி முழங்கை வரை ஓடியது.

அப்பா எழுந்து வந்து அவள் தலையை ஆசையாகத் தடவிக் கொடுத்தார்.

"நீ போட்டா இன்னும் நல்லா சாப்பிடறாம்மா" என்றார்.