ஐந்நூறில் ஒட்டுமா?

1
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. சட்டை எடுக்கப் போன இடத்தில் கிடைத்தது. போடி கடைவீதியில் எபனேசரும் அவர் மனைவி பிரின்சியும் நடத்தும் ரெடிமேட் கடை. எனக்குப் பில் போடாமல் பிரின்சி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2
'குரங்கணி மலையில் மேகம் இறங்கிய அந்த மதியத்தில்…' (வேண்டாம். பங்குச்சந்தைக்கு மேகம் எதற்கு?)

மறுபடியும். ஒரு சிமென்ட் கம்பெனிப் பங்கை ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கும் உரிமையைப் பிரின்சி காசு கொடுத்து வாங்கியிருந்தார். ஆப்ஷன் என்பார்கள். அன்று அதற்கு எக்ஸ்பைரி, அதாவது காலாவதி நாள். மூன்றரைக்குச் சந்தை மூடும்போது பங்கு ஐந்நூறை நன்றாகத் தாண்டியிருந்தால் லாபம். ஐந்நூறிலேயே நின்றால் உரிமை செத்துவிடும். போட்டிருந்தது கிறிஸ்துமஸ் சரக்கெடுக்க வைத்திருந்த பணம். அப்போது விலை ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"வித்துரு புள்ள. கெடைச்ச வரைக்கும் போதும்," என்றார் எபனேசர்.

"இருங்க. வாங்குன பெறகு, எக்ஸ்பைரி அன்னைக்கு வெல எறங்கி ஐநூறுல ஒட்டும்னு சொன்னேன்ல? நீங்கதேன் சிரிச்சீக."

"ஒட்டுனா நம்ம காசு போயிருமே!"

"போகும். ஆனா நான் சொன்னது சரியாயிரும்ல?"

3
(குறிப்பு: ஒட்டுவதில் மாயம் இல்லை. ஒரே விலையில் ஆப்ஷன்கள் குவிந்திருக்கும். அவற்றை வாங்கி வைத்த பெரிய கைகள், அதாவது பெரு நிறுவனங்கள், நஷ்டம் வராமலிருக்கப் பங்கு ஏறினால் விற்கும், இறங்கினால் வாங்கும். விலையும் முளைக்குச்சியில் கட்டிய மாடு போல அந்த எண்ணையே சுற்றும். ஆனால் அந்தக் கைகள் ஆப்ஷனை விற்றவையாக இருந்தால் நேர்மாறு: ஓட்டம் இன்னும் கூடும். அன்று எந்தப் பக்கம் கனம்? கடையில் நின்ற மூவருக்கும் தெரியாது. என்னை அது இன்னும் குடைகிறது.)

4
இந்தக் கதையின் முதல் வரைவில் பிரின்சியைப் பேராசைக்காரியாக எழுதியிருந்தேன். அவரே வாசித்துவிட்டுக் கோபித்துக்கொண்டார்.

"என்னண்ணே, காசுக்குத்தேன் உக்காந்திருந்தேன்னு எழுதிட்டீக? என்னதேன் நடக்குதுன்னு பாக்கணும்ல!"

அந்த வரிகளை அடித்துவிட்டேன். அவர் சொன்னதுதான் உண்மை. அது எனக்குப் பிடித்தும் போனது.

5
முடிவு ஒன்று: ஒட்டியது. பணம் போனது. பிரின்சி கைதட்டினார், எபனேசர்… (கைதட்டும்போது எபனேசர் முகத்தை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: எகிறியது. சரக்கு நிறைய வந்தது. பிரின்சிக்கு மட்டும் முகம் தொங்கி…

கடையில் மணி மூன்றரை ஆகப்போகிறது. விலை ஐந்நூற்று மூன்று. எபனேசரின் பெருவிரல் விற்கும் பட்டனுக்கு மேலே நிற்கிறது. பிரின்சி அவர் கையைப் பிடித்திருக்கிறார்.

இங்கே நான் நிறுத்துகிறேன். முடிக்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறேன். உரிமைதான், கட்டாயமில்லை. பக்கத்தை மூடினால் அதுவும் காலாவதி. அதற்குள் சொல்லுங்கள்: பிரின்சியின் அந்தக் கை தடுக்கிறதா, அழுத்துகிறதா?