ஸ்டோக்கருக்கு மேலே என்ன வேலை?

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. நான் வேலை பார்க்கும் இங்கிலாந்துக் கடற்படை ஊரான கோஸ்போர்ட்டில், இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே ஓடிய நீர்மூழ்கிக் கப்பல்களின் பணி வரலாற்றைப் படிப்பது பலருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. நானும் படித்தேன். கடலில் இறக்கியது, ஹாங்காங் போனது, திரும்பி வந்தது, பேட்டரி மாற்றியது, பயிற்சிக்கு விட்டது, கடைசியில் உடைத்து இரும்பாக விற்றது. பேட்டரிக்கு இரண்டு வரி. அதற்குக் கீழே அரை வரியில் ஒரு மனிதன்: மோசமான வானிலையில் எஞ்சின் வேலை பார்க்கும் ஸ்டோக்கர் ஒருவர் கடலோடு போனார்.

அந்த அரை வரி நான் இட்டுக்கட்டியது. இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் எல் 77 என்ற நீர்மூழ்கி கட்டப்படவே இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எரிச்சல் மட்டும் நிஜம். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பும் வீட்டிலிருந்து படிக்க வந்தவள் நான். அதனாலேயே இப்போது எதையும் நம்புவதில்லை.

2

முதல் தொடக்கம்: "1927-ஆம் ஆண்டு. சாம்பல் நிறக் கடலின் மீது எஃகுத் திமிங்கலம் போல மிதந்து வந்த எல் 77..."

திமிங்கலமாம். அந்தத் திமிங்கலத்தின் வயிற்றில் டீசல் நாற்றத்தோடு எத்தனையோ ஆண்கள் ஒருவர் காலை ஒருவர் முகர்ந்துகொண்டு கிடந்தார்கள். அழித்துவிட்டேன்.

இரண்டாவது: "எல்சி டோஸர் அழுதுகொண்டிருந்தாள்."

முதல் வரியிலேயே அழும் விதவைகளை எனக்குப் பிடிக்காது. அவள் அழவும் இல்லை. சந்தேகப்பட்டாள். எனவே இப்படி:

எல்சி டோஸர் அன்று படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். சாயங்காலம்வரை ஒன்றுகூட அசையவில்லை. அப்படியொரு காற்றில்லாத நாள். ஆனால் அடுத்த வாரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்த அதிகாரி, அன்றைக்குத்தான் கடல் கொந்தளித்தது என்றார். அவள் கணவன் வில்ஃப் கப்பலின் மேல்மேடையில் காவல் பார்த்துக்கொண்டிருந்தானாம், அலை வந்து அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.

எல்சி ஸ்டோக்கரின் மகள், ஸ்டோக்கரின் மனைவி. ஸ்டோக்கருக்கு இடம் கீழே, எஞ்சினுக்குப் பக்கத்தில். மேலே நின்று கடலைப் பார்ப்பது மாலுமிகளின் வேலை. ஒருவன் வேலையை இன்னொருவன் தொடமாட்டான்.

"ஸ்டோக்கருக்கு மேலே என்ன வேலை, சார்?" என்று கேட்டாள்.

அதிகாரி தொப்பியைப் போட்டுக்கொண்டார். அவன் ரொம்ப ஆர்வமான ஆள் என்று ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

3

கோஸ்போர்ட்டில் இந்தக் கேள்வி எல்சிக்கு மட்டும் தோன்றவில்லை. தெருவே கேட்டது, தெருவே பதிலும் சொல்லிக்கொண்டது. வேலையே இல்லாத இடத்துக்கு ஒரு ஸ்டோக்கர் ஏறினான் என்றால் ஒரே காரணம்தான். குதித்துவிட்டான்.

கறிக்கடை வரிசையில் அதை அவள் காதுக்குக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு ஃபுளோரி ஸ்ட்ரைட். "நான் சொல்லல கண்ணு. ஊரு சொல்லுது."

"ஊருக்கு உன் வாய்தான் வாடகைக்குக் கெடச்சுதா?" என்றாள் எல்சி.

ஃபுளோரியின் வாயை அடைத்தாளே தவிர, எல்சிக்கும் அதே சந்தேகம். வில்ஃப் கிளம்பிய காலையில் இருவருக்கும் சண்டை.* துவைக்கும் தொட்டியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "போறதுன்னா போ, வந்தா சோறு இருக்கும்னு நெனைக்காத" என்று சொல்லியிருந்தாள். அவன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அவன் குதித்திருந்தால், தள்ளியது அவள் வாய். இதை ஃபுளோரியிடம் சொல்ல முடியுமா? யாரிடமும் சொல்லவில்லை. இனி எத்தனை வருஷம் ஆனாலும் அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவன் குதித்தானா, இல்லையா.

* எதற்குச் சண்டை என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யார் பக்கம் நியாயம் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்துவிடுவீர்கள்.

4

இப்போது நெட் கர்னோ. கார்ன்வால்காரன், அதே கப்பலில் மாலுமி. கரைக்கு வரும்போதெல்லாம் எல்சியின் வாசலில் காகிதத்தில் சுற்றிய கானாங்கெளுத்தியோடு நிற்பான். விறகு பிளந்து போடுவான். முகத்தைப் பார்க்கமாட்டான்.

இவனை நான் நம்பவில்லை. எழுதிப் பார்த்ததையும் அப்படியே விடுகிறேன்:

கர்னோ அவளைக் காதலிக்கத் தொடங்கி

கர்னோவின் மனசாட்சி அவனை

இல்லை. ஆண்களுக்கு மனசாட்சி உறுத்தினால் ஒரு பெண்ணின் வாசலில் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், அப்படியே டீயும் குடித்துவிட்டுப் போவார்கள். மீதி வாக்கியங்களுக்கு அவனுக்கு அருகதை இல்லை.

எல்சியும் அவனை நம்பவில்லை. கப்பலில் தினமும் அளந்து ஊற்றும் ரம்மை அவன் இப்போது தொடுவதே இல்லை, யாருக்காவது கொடுத்துவிடுகிறான் என்று கேள்விப்பட்டாள். ரம்மை வேண்டாம் என்கிற மாலுமிக்கு ஒன்று உடம்பில் கோளாறு, இல்லை வேறெங்கோ கோளாறு. அடுத்த முறை அவன் மீனோடு வந்தபோது அவள் டீ போடவில்லை. ஒரு கிளாஸ் ரம்மை மேஜையில் வைத்தாள்.

"குடி."

"வேணாம், மிசஸ் டோஸர்."

"மீனை நான் வாங்கிக்கலையா? குடி."

அவன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அழுதான். எல்சி பார்த்துக்கொண்டு நின்றாள். நானும்தான்.

5

அவன் சொன்னது இதுதான். கப்பலுக்குள் சிகரெட், பைப் எதுவும் கூடாது. கடல்மேல் ஓடும்போது முறை வைத்து ஒவ்வொருவராக மேல்மேடைக்குப் போய்ப் பிடித்துவிட்டு வரலாம். யார் மேலே இருக்கிறான் என்பதை ஏணியடியில் உட்கார்ந்திருக்கும் சுக்கான்காரன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குச் சுக்கானில் ஆம்ப்ரோஸ் பிட்ஜ்லி. முறை கர்னோவுடையது.

வில்ஃப் எஞ்சின் பக்கமிருந்து வந்து கெஞ்சினான். உன் முறையை எனக்குக் கொடு, நாளைக்கு என் ரம் உனக்கு. ரம்மை விற்பது குற்றம், முறையை மாற்றுவதும் குற்றம். ஆனால் எல்லாரும் செய்வார்கள். பிட்ஜ்லி ஏணிக்கு முதுகு காட்டித் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குரலை வைத்துத்தான் அவன் ஆளைக் கணக்கு வைப்பது. "கர்னோ, மேலே போறேன்" என்று கர்னோ குரல் கொடுத்தான். ஏறியது வில்ஃப். ஓடும் கப்பலின் காற்றில் தீக்குச்சி அணையாமலிருக்க, அவன் பெரிஸ்கோப்புக்குப் பின்னால் ஒதுங்கியிருந்திருக்க வேண்டும்.

அப்போது பயிற்சிக்கு எதிரியாக வந்த விமானம் தெரிந்தது. உடனே மூழ்க உத்தரவு; காற்றிரைச்சலில் அது வில்ஃபுக்குக் கேட்டிருக்காது. மேலே இருந்தவர்கள் ஏணியில் சரிந்து இறங்கினார்கள். எல்லாரும் இறங்கியாயிற்றா என்று கேப்டன் லாங்ஸ்டாஃப் மேலிருந்து கேட்டார். பிட்ஜ்லி திரும்பிப் பார்த்தான். மேலே போனவனாகக் கணக்கில் இருந்த கர்னோ எதிரே நின்றிருந்தான். இறங்கியாச்சு சார் என்றான் பிட்ஜ்லி. மூடி விழுந்தது.

அந்தத் தள்ளுமுள்ளில் வில்ஃபும் இறங்கி எஞ்சின் பக்கம் ஓடியிருப்பான் என்று கர்னோ நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டானாம். இந்த இடத்தில் அவனைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். நான் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

எல்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "அப்போ அவன் குதிக்கல."

"இல்ல. திரும்பி வரணும்னுதான் இருந்தான். வீட்டுல சண்டை, ஒரு பைப் பிடிச்சாத்தான் மனசு ஆறும்னான்."

ரம் கிளாஸை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு கேட்டது அவன் எதிர்பார்க்காத கேள்வி.

"மேல்மூடியச் சாத்தினது யாரு?"

"கேப்டன். கடைசியா எறங்கறது அவருதான், அதான் முறை."

"சுத்தி ஒரு பார்வை பார்க்கணும்ங்கறது முறையில இல்லையா?"

கர்னோ தரையைப் பார்த்தான். பார்க்க வேண்டும், அவர் பார்க்கவில்லை என்றான். விசாரணையில் கேப்டன் அலை என்று சொன்னார், கர்னோவும் பிட்ஜ்லியும் ஆமாம் என்றார்கள். "எங்களைக் காப்பாத்துறாருன்னு நெனச்சோம்."

"உங்களையா?" என்றாள் எல்சி.

6

முடிவுகள். கர்னோ போய் உண்மையைச் சொல்கிறான், கேப்டனைத் தண்டிக்கிறார்கள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாலுமிகளின் வாய்ச்சொல் ஒரு கேப்டனின் சொல்லுக்கு எதிரில் எத்தனை நேரம் நிற்கும்?

எல்சி மன்னிக்கிறாள், கர்னோவைக் கட்டிக்கொள்கிறாள், ஆயுளுக்கும் கானாங்கெளுத்தி. இதை எழுதியது என் கைதான். கிழித்துப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

உண்மை வெளியே வந்தால் பொய்ச் சாட்சிக்கும் ரம்முக்கும் கர்னோவும் பிட்ஜ்லியும் சிறைக்குப் போவார்கள். வராவிட்டால் தெருவின் கணக்கில் வில்ஃப் குதித்தவனாகவே கிடப்பான். லாங்ஸ்டாஃபுக்கு இதற்குள் பெரிய கப்பல் கொடுத்துவிட்டார்கள். எப்படி எழுதினாலும் அவர் தப்பித்துவிடுகிறார். என் பெரிய சந்தேகம் இதுதான்: கதையை எழுதுவது நானா, அவரா?

அதனால் நடந்தவரைக்கும் மட்டும் சொல்கிறேன். எல்சி கோட்டை மாட்டிக்கொண்டாள். அக்கரை போர்ட்ஸ்மவுத்தில்தான் விசாரணை நடத்திய அதிகாரியின் அலுவலகம். படகுத்துறைக்கு நடந்தாள். கர்னோ பத்தடி பின்னால் வந்தான். வழியில் ஒருமுறை அவன் சொன்னான், "என்னைத்தான் உள்ள போடுவாங்க, எல்சி. அவரைத் தொடமாட்டாங்க."

"தெரியும்," என்றாள். நிற்கவில்லை. வா என்றோ வராதே என்றோ சொல்லவும் இல்லை.

டிக்கெட் ஜன்னலில் அவள் நிற்கிறாள். அவன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு பின்னால் நிற்கிறான், கிட்டே வரவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. உள்ளே இருப்பவர் நிமிராமலே கேட்கிறார்.

"ஒன்னா, ரெண்டா? சீக்கிரம் சொல்லும்மா, படகு கெளம்புது."

இதற்கான பதிலை நான் எழுதமாட்டேன். ரெண்டு என்றால், அவன் போகப்போகும் சிறைக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் எடுக்கிறீர்கள். ஒன்று என்றால், அவன் பெயரை அங்கே அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றுமே வேண்டாம் என்று ஜன்னலைவிட்டு நகர்வதும் ஒரு பதில்தான், வில்ஃப் குதித்தான் என்றே சொல்லிக்கொண்டிருக்கத் தெருவுக்கு அது போதும். சொல்லுங்கள். அவளுக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள்.