புஸ்பம் வைத்த கையெழுத்து

பதினொரு வருசம்! ஒரு மாதம்கூடத் தவறாமல் பதினொரு வருசம் காசு கட்டின மனுசிக்குக் காப்புறுதிக் கம்பெனி அரைப் பக்கத்தில் பதில் எழுதிவிட்டது. 'உருவ அழகுக்காகச் செய்யப்படும் சிகிச்சைகளுக்கு இத்திட்டத்தில் இடமில்லை.' களுவாஞ்சிக்குடியில் வேலை முடிந்து வந்த மேனுகா அதை பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்தாள். சீட் இருந்தது. ஆனால் அவள் இருந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழும்புவார்கள். அதைப் பார்க்கிறதைவிட நிற்பது மேல்.

அழகுக்காம், அழகுக்கு! நூற்றி முப்பத்தொரு கிலோ. சீனி வருத்தம், பிறசர், ரெண்டு படி ஏற விடாத முழங்கால். படுத்தால் மூச்சு நின்று நின்றுதான் வரும். கொழும்பில் பார்த்த டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "இப்படியே போனா ஒரு நாளைக்கு நித்திரையிலயே முடிஞ்சிடும் தங்கச்சி. சாப்பாட்டைக் குறைச்சு இனிச் சரிவராது. இரைப்பையைச் சின்னதாக்கிற ஒப்பரேஷன்தான் வழி." புருஷன் உதயரூபன் கட்டாரில் ரெண்டு வருசம் உழைத்தாலும் அந்த ஒப்பரேஷனுக்குக் காணாது. காப்புறுதிதான் ஒரே நம்பிக்கை என்று டொக்டர் தந்த அத்தனை கடிதத் துண்டுகளையும் ஒரு பைலில் போட்டு அனுப்பியிருந்தாள்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு மட்டக்களப்பு டவுனில் இருந்த கம்பெனிக் கிளைக்குப் போனாள். தனோஜன் என்கிற பொடியன்தான் அதிகாரி. நல்ல பொடியன், பாவம். கைப்பிடி இல்லாத கதிரை ஒன்றைத் தேடி அவனே தூக்கிக்கொண்டு வந்து போட்டான்.

"அக்கா, டொக்டரிட கடிதத்தில ஒரு குறையும் இல்ல. ஆனா எங்கட ஆள் உங்கட ஊருக்கு, தேற்றாத்தீவுக்கு வந்து விசாரிச்சநேரம் வீட்டாக்கள் வேற மாதிரிச் சொல்லியிரிக்காங்க."

"வீட்டாக்களா? எண்ட வீட்டில நான் மட்டும்தானே தம்பி இரிக்கன்."

அவன் பைலைத் திருப்பிக் காட்டினான். 'அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் சீனி இல்லை. சாப்பாட்டு ஆசைதான் காரணம். மெலிந்து வடிவாக வரவேண்டும் என்றுதான் செய்யப்போகிறா.' கீழே கையெழுத்து: புஸ்பம்.

கூடப் பிறந்த அக்கா! மேனுகாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. 'ஒரு மாசத்துக்குள்ள மேன்முறையீடு செய்யலாம் அக்கா, ஆனா முதல் சொன்னது பிழை எண்டு அவவே எழுதித் தரோணும்' என்று தனோஜன் சொன்னதை ரெண்டு தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள்.

புஸ்பத்தின் வீடு அதே வளவுக்குள்தான். நடுவில் வேலிகூட இல்லை. மேனுகா போனபோது அவள் குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ மேனுகா! அவன் பைலும் சப்பாத்துமா வந்து நிண்டான் கா. மண்டூர் ஆக்கள் மாப்பிள்ளைக்கு விசாரிக்க விட்ட ஆள் எண்டெல்லோ நினைச்சன்!"

புஸ்பத்தின் சின்ன மகள் டிலக்சனாவுக்கு மண்டூரில் கலியாணம் பேசியிருந்தது. சம்பந்தம் முடிவாக முன்னம் மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு ஊருக்குள் விசாரிப்பது எங்கும் நடக்கிறதுதான். அப்படி வந்து கேட்கிறவனிடம் குடும்பத்தில் சீனி இருக்கிறது, மூச்சு வருத்தம் இருக்கிறது என்று எந்தத் தாய்தான் சொல்லுவாள்? மேனுகாவுக்குச் சிரிப்புக்கூட வரப்பார்த்தது. அப்பாடா என்று வாசல்படியில் மெல்ல இருந்தாள். இருந்த பிறகுதான் யோசனை ஓடியது.

"அக்கா, மாப்பிள்ளைக்கு விசாரிக்க வாறவன் கையெழுத்தா வாங்குவான்?"

புஸ்பத்தின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"சரி, போனது போகட்டும். சொன்னது பிழை எண்டு ஒரு துண்டு எழுதித் தா, காணும்."

"இப்ப வேணாம்."

"ஏன்?"

"ஏனா? வயித்த வெட்டுற ஒப்பரேஷன் கா அது! உனக்கு ஏதும் ஒண்டு நடந்தா வீடு உதயரூபனுக்கெல்லோ போகும்? முதல் வீட்டு உறுதிய டிலக்சனாட பேருக்கு எழுது. மறுகா ஒரு துண்டு என்ன, பத்துத் துண்டு எழுதித் தாறன்."

வீடு இல்லாமல் இந்தப் பக்கம் பெண்பிள்ளைக்குக் கலியாணம் ஏது? புஸ்பத்தின் வீடு மூத்த மகளுக்கு எழுதியாகிவிட்டது. பிள்ளை இல்லாத மேனுகா, தன் சீதன வீட்டை டிலக்சனாவுக்குத் தருவதாகத் தன் வாயாலேயே சொல்லியிருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அந்த வாக்குக்கு அக்கா கொடுத்த மரியாதை இது. தங்கச்சி சாகலாம், உறுதி எழுதுமட்டும் சாகக்கூடாது. நெஞ்சில் ஈரம் இருக்கிறவள் செய்கிற வேலையா? மேனுகா எழும்பிப் போனாள்.

மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் டிலக்சனாவை நினைத்து மனம் இளகிவிட்டது. தாய் செய்ததற்குப் பிள்ளை என்ன செய்யும்? மேனுகாவின் கையால் சோறு தின்று, 'சின்னம்மா, சின்னம்மா' என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு திரிந்து வளர்ந்தவள். எழுதிக் கொடுத்துவிட்டு, துண்டை வாங்கிக்கொண்டு, ஒப்பரேஷனைச் செய்வோம் என்று முடிவெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருமாக உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனார்கள். வயதான மனுசன், வரி விடாமல் வாசித்து முடித்துப் பேனையை நீட்டினார். வாங்கின மேனுகா, பக்கத்தில் நின்ற டிலக்சனாவின் கன்னத்தைத் தடவினாள்.

"உன்ன நினைச்சித்தான் புள்ள கையெழுத்து வைக்கிறன். உங்கம்மா செய்தது உனக்குத் தெரியாதுதானே."

டிலக்சனா தாயைப் பார்த்தாள். புஸ்பம் கண்ணால் என்னவோ காட்டினாள். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லி மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"தெரியும் சின்னம்மா. நான்தானே அந்த ஆளுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தன்." பிறகு, ஆறுதல் சொல்கிறவளைப் போலக் கையைப் பிடித்தாள். "ஒப்பரேஷன கலியாணம் முடியச் செய்யலாம்தானே? இவ்வளவு நாளும் ஒண்டும் நடக்கல்லதானே சின்னம்மா."

மேனுகா அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

"ஐயா, இது வேணாம். இந்த வீட்ட வாங்குறதுக்கு ஆள் இருந்தாச் சொல்லுங்க. காசு எனக்குக் கெதியா வேணும், ஆசுப்பத்திரிக்குக் கட்டோணும்."

"அடியேய்!" புஸ்பம் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். "எண்ட பிள்ளைட வாழ்க்கையில மண்ணள்ளிப் போடப்போறியா?"

"நானும் எண்ட பிள்ளை எண்டுதான் அக்கா நினைச்சிருந்தன்," என்றாள் மேனுகா. மேசையில் கிடந்த தன் பழைய சீதன உறுதியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.