பன்னிரண்டில் ஒன்று

எங்கள் சங்கத்தில் ஆறு பேர். ஆறு பேருக்கும் சேர்த்துப் பதினேழு கேமராக்கள், ஒவ்வொன்றும் செங்கல் கனம். அகல ஃபிலிம், சதுர நெகட்டிவ், ரோலுக்குப் பன்னிரண்டே படம். சின்ன ஃபிலிமில் முப்பத்தாறு எடுத்துத் தள்ளுகிறவர்களை நாங்கள் மனிதர்களில் சேர்ப்பதில்லை. ஃபோனில் எடுப்பவர்களைப் பற்றிப் பேசினால் வாய் கொப்பளிக்க வேண்டும். அதற்கும் அங்கே வசதி இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு நாங்கள் கூடியது தலைவரின் பல் ஆஸ்பத்திரியில்தான்.

எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின்மேல் நெகட்டிவைப் பரப்பிக்கொண்டு ஆறு பேரும் குனிந்து நிற்போம். பிரிண்ட் போட்டுப் பார்ப்பது பாமரர் வேலை, நெகட்டிவைப் படிக்கத் தெரியாதவன் கேமராவைத் தொடக்கூடாது என்பது தலைவரின் கட்சி. பெட்டியில் கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும். நாங்கள் எல்லாம் புரிந்த மாதிரி "ம்" என்போம். அந்த "ம்"மைச் சரியான இடத்தில் விடக் கற்றுக்கொள்ளவே எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

சங்கத்துக்கு ஒரு விதி உண்டு. கொண்டுவரும் ரோலில் ஒரு படம்தான் உயிரோடு திரும்பும். எது என்று கை தூக்கி முடிவு செய்வோம். மற்ற பதினொன்றையும் எடுத்தவரே கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி, பஞ்சும் பிடுங்கின பற்களும் கிடக்கிற மஞ்சள் பக்கெட்டில் போட வேண்டும். தலைவர் இதற்குத் துறவு என்று பெயர் வைத்திருந்தார். தேறின படம் ஆண்டுக் கண்காட்சிக்குப் போகும்.

மூச்சு என்று நாங்கள் கூப்பிடுகிற வங்கி மேனேஜர் மூன்று வருடமாகத் துறந்துகொண்டே இருந்தார். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார், முகம் தக்காளியாகிவிடும். அதனால் அந்தப் பெயர். அவருடைய படம் ஒன்றுகூடக் கண்காட்சிச் சுவரைப் பார்த்ததில்லை. தேறினவற்றையும் தலைவர் கடைசி நேரத்தில் "இன்னும் ஊறணும்" என்று ஊறுகாயைப் போல ஒதுக்கிவிடுவார்.

மூச்சுக்கு ஒரு அக்கா. அவள் கணவர் தையல் மெஷின் ரிப்பேர்காரர். அவருக்கு முன்பற்கள் தூக்கலாக இருக்கும், அதனால் கூச்சம். யாராவது ஃபோனைத் தூக்கினால் போதும், கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்யாணப் படத்தில்கூடப் பல்வலிக்காரர் போலத்தான் நிற்கிறார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்த படம் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை.

எங்கள் கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்க வேண்டாம். வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மேலே இருக்கிற கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு நாம் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் மூச்சு தன் அக்கா வீட்டில் அப்படிக் குனிந்துகொண்டிருந்தபோது, மாமா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ ஒரு வாடிக்கையாளரின் கதையைச் சொல்லிச் சிரித்தார். கை மடியில் இருந்தது. மூச்சு அழுத்தினார். ஃபிலிமை நகர்த்தும் கைப்பிடி சுற்றுகிற சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை, தெரிந்தால் அவர் இனி இந்த வீட்டில் சிரிக்கவே மாட்டார் என்று.

பதினோராம் நாள் மாமா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். உதட்டை இறுக்கி மூடி, யாருக்கோ ஜாமீன் கொடுக்க வந்தவர் போல இருந்தார். அக்கா தம்பியைத் தனியே கூப்பிட்டு அந்தப் படம் வேண்டும் என்றாள். மூச்சு, ரோலில் இன்னும் மூன்று படம் பாக்கி என்றார். முடிக்காத ரோலைக் கழுவுவது எங்களிடையே பெரும் பாவம். அந்த மூன்றுக்குத் தகுந்த பொருள் தேடி அவர் ஐந்து வாரம் அலைந்தார். கடைசியில் ஒரு மாடிப்படி, ஒரு குழாய், மறுபடியும் அதே குழாய்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் பரப்பினார். எட்டாவது, சிரிப்பு. ஒன்பதாவது, அதே ஜன்னல், அதே நாற்காலி, ஆள் இல்லை. மூச்சு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எட்டாவதில் இருப்பது தன் மாமா என்றும், இறந்துவிட்டார் என்றும், அதைக் கணக்கில் சேர்க்காமல் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

தலைவர் பூதக்கண்ணாடியை எட்டாவதின்மேல் வைத்தார். "இந்தப் பல்லுக்கு ஆறு மாசம் கம்பி போட்டிருந்தா சரியாயிருக்கும்" என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு குரலை இறக்கினார்.

"சிரிப்பு எல்லாத்தையும் சொல்லிடுது. நாற்காலி சொல்லாம நிக்குது பாருங்க. ஆள் இல்ல. ஆனா இருக்காரு. இதுதான் இன்மை. இது சுவருக்குப் போகுது, இந்தத் தடவை ஊறப் போடல."

சுவர் என்ற சொல் கேட்டதும் மூச்சின் முகம் தக்காளியாயிற்று. ஆனாலும் இன்னொரு முறை, எட்டாவதை வீட்டுக்கு மட்டும் என்று இழுத்தார். தலைவர், தன் மகளின் முதல் பிறந்தநாள் படத்தையே வெட்டினவன் தான் என்று நினைவுபடுத்தினார். அது ஃபோகஸ் இல்லாத படம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கை தூக்கச் சொன்னார். ஐந்து கை எழுந்தது. கொஞ்சம் பொறுத்து ஆறாவதும் எழுந்தது. அது மூச்சின் கை. அவரே கத்தரிக்கோலை எடுத்தார். எட்டாவதை வெட்டும்போதும் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கண்காட்சி முடிந்ததும் அந்தப் படத்தை அக்காவுக்குப் பரிசாகக் கொண்டுபோனார். இருபது அங்குலத்துக்கு இருபது, கறுப்புச் சட்டம். தனியாகத் தூக்க முடியாததால் என்னையும் இழுத்துக்கொண்டார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உறையைப் பிரித்தாள். கண்ணாடிக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய், திரைச்சீலைக்குப் பின்னால், நாற்காலிக் காலுக்குப் பக்கத்தில் என்று தேடினாள்.

"மாமா எங்கடா?"

மூச்சு இன்மையைப் பற்றி விளக்கினார். தலைவர் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். அக்கா முடியும்வரை கேட்டாள்.

"அப்போ அவர் பாத்ரூம் போயிருந்தார்டா. சிரிச்சு முடிச்சுட்டு எழுந்து போனார்."

அந்தச் சிரிப்புப் படம் எங்கே என்று கேட்டாள். மூச்சு என்னைப் பார்த்தார். நான் சட்டத்தின் மூலையைப் பார்த்தேன். விதி, கமிட்டி, ஓட்டு என்று மூச்சு துண்டு துண்டாகச் சொல்லி முடித்தார். அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். சாக்குகூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் படத்தை மெதுவாகச் சுவரோடு சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சரி போகட்டும். நீதான் பார்த்தியே. எப்படிச் சிரிச்சார், சொல்லு. நான் அடுப்படிலேர்ந்து வர்றதுக்குள்ள அவர் வாயை மூடிட்டார்."

மூச்சு யோசித்தார். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது என்றார். கேமராக் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரியும், ஆகையால் வலப்பக்கம் என்று திருத்தினார். பிறகு, தான் அப்போது ஜன்னல் கம்பி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லுங்க. பெட்டில போட்டுப் பார்த்தீங்களாமே."

நான் பார்த்தது நெகட்டிவ். நரைத்துப் போன மாதிரி வெளுத்த தலை, கரி பூசின முகம், திறந்த வாய்க்குள் வரிசையாகக் கறுத்த பற்கள்.

"நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.

"எப்படி நல்லா இருந்துச்சு?"

அவள் காத்திருந்தாள். மூச்சு சுவர்ப் பக்கம் நகர்ந்து, விரலால் தட்டி, ஆணி தாங்குமா என்று பார்க்க ஆரம்பித்தார்.