கவிழ்ந்து கிடந்த குன்று

கடலடி மண்ணில் எந்தச் சந்தேகம் வந்தாலும் அண்ணன் குன்றைத்தான் காட்டுவார். "ஒரு குழாய் மண்ணை உருவிட்டு வந்து கடலையே அளக்காதீங்க. அதே மண்ணுதான் கல்லாகி இங்க நிக்குது, வந்து பாருங்க!" பாறை ஆய்வில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

தங்கை குழாய்க்காரி. கப்பலிலிருந்து கடலடியில் குழாயை இறக்கி, அது உருவிவரும் மண்ணை அடுக்கடுக்காகப் படிப்பவள். அவள் குழாயில் ஒவ்வோர் அடுக்கிலும் பருமணல் கீழே, நைசான சேறு மேலே. அண்ணனின் குன்றிலோ பருமணல் மேலே. "குழாயைப் பெட்டியில தலைகீழா வெச்சிருக்கா" என்று குழுத்தலைவரிடம் போட்டுக்கொடுத்தார் அண்ணன். கூடப்பிறந்தவரே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? அடுத்த கப்பலில் அவளுடைய இடம் ஊசலாடியது. குன்றைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தலைவர் கிளம்பி வந்தார்.

எல்லோரும் கீழே தேநீர் குடிக்க, அண்ணன் மட்டும் இதுவரை ஏறாத பக்கமாக மேலே ஏறினார். மணலடுக்கின் மேல்முகத்தில் நாக்கு நாக்காகப் புடைப்புகள். கடலடியில் சரிந்தோடும் மணல்வெள்ளம் சேற்றைக் குடையும். குடைந்த பள்ளத்தில் மணல் நிரம்பும். அது கல்லாகும்போது அந்தப் புடைப்பு மணலடுக்கின் அடியில்தான் இருக்கவேண்டும். இங்கே வானத்தைப் பார்க்கிறது. குழாய் சரி. குன்றுதான் என்றைக்கோ மடங்கிக் கவிழ்ந்திருக்கிறது.

காலடிச் சத்தம் கேட்டது. கிழிசலை உள்ளே மடித்துச் சேலையை விரிக்கும் கடைக்காரரைப் போல, புடைப்பின்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"என்னண்ணா, இந்த வெயில்ல கல்லுமேல? வெந்துரப் போற."

"முட்டி வலிக்குது."

"எனக்கு முட்டி உதறுது. வேற ஆளைப் போட்டுடலாமான்னு தலைவர் கேக்குறாரு." சிரிக்கப் பார்த்தாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் எங்கயோ மாத்தி வெச்சுட்டேன் போல."

கல் சுட்டதைவிட இது சுட்டது. எழுந்து தள்ளி நின்றார்.

அவள் குனிந்து புடைப்பைத் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

"இதை எப்பப் பார்த்த?"

"நீ வர்றதுக்கு முன்னாடி."

"பார்த்துட்டா உக்காந்திருந்த?"

அவர் தலை தானாகக் கவிழ்ந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"போய் தலைவரைக் கூட்டிட்டு வா. நான் இங்கயே நிக்கிறேன். மறுபடி யாராவது வந்து உக்காந்துரப் போறாங்க."

இறங்கினார். தலைவர் கோப்பையோடு திரும்பினார். "என்ன சொல்லுது குன்று?"

"கவிழ்ந்து கிடக்குதுங்க. குழாய் சரியாத்தான் இருக்கு. அவ மேல பழி போட்டது நான்."

தங்கைக்குக் கேட்காத தூரம் என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல்பட்டதற்கும் சேர்த்துக் கூசியது.