மூணு குழா வூடு

தாட்சாயணி துப்பாக்கியைத் தன் பழைய நூல் புடவை ஒன்றில் சுற்றிக் கட்டினாள். மேலே பக்கத்துப் பக்கமாக இரண்டு குழாய், அவற்றுக்கு அடியில் மெலிதாக இன்னொன்று. தூக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாசலில் நின்ற அவள் கணவர் நாகபூஷணம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லவில்லை. நேரமாகிக்கொண்டுதான் இருந்தது.

அவருடைய அப்பா அதை ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினார். மேல் குழாய்களில் சாதாரணத் தோட்டா. கீழ்க்குழாய்க்கு மட்டும் தூரத்து மானுக்கான ஒற்றைக் குண்டு. அந்தக் குண்டு மதராஸில்கூடக் கிடைக்காமல் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் மூன்றாவது குழாய்தான் பேர் வாங்கித் தந்தது. சத்தியவேட்டைச் சுற்றி எந்தப் பயிர்க் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினாலும் "மூணு குழா வூட்டாண்ட சொல்லிட்டு வா" என்று ஆள் அனுப்புவார்கள். விழுந்த பன்றியில் பின்னந்தொடை ஒன்று அவர்களுக்கு. தாட்சாயணியைப் பெண் கேட்டபின் வீடு பார்க்க வந்த அவள் அப்பா நிலத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

துப்பாக்கியின் மேல்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை முன்னால் தள்ளினால் இரண்டு விசைகளில் முதல் விசை கீழ்க்குழாய்க்குப் போய்விடும். இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எப்போதும்போல தாட்சாயணிதான் துடைத்து, எண்ணெய் போட்டு, பொட்டு வைத்தாள். துடைக்கும்போது பொத்தான் நகர்ந்திருக்க வேண்டும். பூஜை முடிந்து அவள் தம்பி தணிகாசலத்தின் வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி எதிரே வந்தபோது நாகபூஷணம் முதல் விசையை இழுத்தார். காலிக் குழாயில் டக்கென்று ஒரு சத்தம். இரண்டாவது விசைக்கு விரல் போவதற்குள் பன்றி தணிகாசலத்தின் தொடையைக் கிழித்துவிட்டது. வரதய்யபாளையத்துக்குக் கட்டை வண்டியில் கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். இப்போது கோல் ஊன்றி நடக்கிறான்.

"நான்தானே தொடச்சேன்" என்றாள் தாட்சாயணி அன்றைக்கு.

"பாக்க வேண்டியவன் நான்."

அதற்குப் பிறகு கொல்லைக்காரர்கள் கூப்பிடுவது நின்றுவிட்டது. தகர டின்னைத் தட்டி விரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். பன்றிகள் தினம் வந்தன.

சத்தியவேடு ஆந்திராவுக்குப் போனதிலிருந்து லைசென்ஸ் வேலையெல்லாம் சித்தூரில். இதைக் கொடுத்து வேறு துப்பாக்கி மாற்றிக்கொள்ள அங்கே அனுமதி வாங்கியாயிற்று. துப்பாக்கிக் கடை திருப்பதியில், இருவரும் பஸ் ஏறியது அங்கேதான். கடைக்கார ரங்கையா புடவையைப் பிரித்தார். மடக்கித் திறந்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மூன்று ஓட்டை வழியாகவும் தெருவைப் பார்த்தார்.

"செஞ்சவன் கைக்கு தண்டம் பெட்டாலி, கும்பிடு போடணும் அய்யா. ஆனா பன்னிக்கு இது வேணாம். பன்னி மேல வர்றப்ப எந்தக் குழாய்னு மனுஷன் யோசிக்கக் கூடாது."

மாற்றாக ஒரு இரட்டைக் குழாயை எடுத்து வைத்தார். வெறும் துப்பாக்கி. பூ வேலை எதுவும் இல்லை. தாட்சாயணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "லேதண்டே, இது வேணாம்னா, பொத்தான நகராம அடிச்சி வெச்சிடறேன். மூணும் அப்படியே இருக்கும். கீழது சும்மா அழகுக்கு" என்றார்.

"அது போதுமேங்க" என்றாள் தாட்சாயணி உடனே. "தூக்கிக்கினு வந்ததே அதுக்குத்தான்னு வெச்சிக்கலாம்."

நாகபூஷணம் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். இந்தக் கனத்தோடுதான் அவர் தோள் வளர்ந்தது. விரல் விசைக்குப் போனது, தொடாமல் நின்றது. பொத்தானை அடித்துவிடலாம். அந்த டக் சத்தத்தை என்ன செய்வது?

"எனக்கு இனிமே இதுமேல நம்பி வெரல் வெக்க முடியாது, தாட்சாயணி."

அவள் வேறு பக்கம் திரும்பிப் புடவையை உதறி மடித்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் தணிகாசலம் கோலை ஊன்றிக்கொண்டு வந்தான். புதுத் துப்பாக்கியைச் சுற்றிவந்து பார்த்தான்.

"இன்னா மாமா, ஒரு குழாய மலைமேல உண்டியல்ல போட்டுட்டு வந்தியா?"

உள்ளேயிருந்து தாட்சாயணி, "அவரே நொந்துகினு கீறாரு, நீ சும்மா இருடா" என்றாள்.

"நொந்துகினா பன்னி சும்மா போயிடுமா? கெளம்பு மாமா. மீதி வேர்க்கல்லயாவது வூட்டுக்கு வரட்டும்."

"நீ எதுக்கு? இந்தக் கால வெச்சிக்கினு."

"பன்னிக்கு என்மேல ஆச. நான் நின்னாத்தான் வரும்."

நாகபூஷணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு யாரும் கூப்பிடவில்லை, இவன் கூப்பிடுகிறான். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அவன் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு போனார்.

கொல்லையின் மேல்கோடியில் செடிகள் அசைந்தன. காற்று இல்லை. நாகபூஷணம் துப்பாக்கியைத் தூக்கினார். புதுசு லேசு, கை பழைய கனத்துக்கே தூக்கியது. குழாய் பன்றிகளைத் தாண்டி, வரப்புப் பனைகளைத் தாண்டி, வானத்தைப் பார்த்து நின்றது. செடிகள் பிளந்துகொண்டு நெருங்கின.

தணிகாசலம் ஒதுங்கவில்லை. கோலைக் கீழே போட்டுவிட்டு, தையல் போட்ட காலை அவர் காலோடு ஒட்டி ஊன்றிக்கொண்டான். கையை நீட்டி, குழாயின்மேல் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினான், செடிகளின் மட்டத்துக்கு அது இறங்கும்வரை.