மதியத் தூக்க நேரத்துப் பாடங்கள்

பிள்ளைகள் மதியம் தூங்கும்போது எமினேயின் பெயரில் கணினிக்குள் நுழைந்து, அவளுடைய எழுத்துப் பாடங்களை நான் முடித்துக்கொண்டிருந்தேன். ரஸ்கிராத் ஊரில் எங்கள் மழலையர் பள்ளிக்கு வரும் ஐந்து வயதுக் குழந்தை அவள். வீட்டில் துருக்கி மொழி மட்டும்தான் பேச்சு; பள்ளியில் பேசும் எங்கள் மொழி அவளுக்குப் புதிது. அதற்கு முன் கணினியில் மற்ற எல்லாப் பெயர்களுக்கு நேரேயும் பாடம் முடித்ததற்கான பச்சை வட்டம், அவளுக்கு மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்பு என்னைக் குறிப்பதாகவே எனக்குப் பட்டது.

பிள்ளைகளுக்குப் படுக்கை விரிக்கும் ஆயா ஸ்லாத்கா ஒருநாள் பார்த்துவிட்டாள். "டீச்சர் மறுபடியும் பாலர் வகுப்பு பாஸ் பண்றாங்க போல," என்றாள். சிரித்து மழுப்பினேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. சரியான விடைகளை நம்பிய கணினி அவளை மேலே மேலே ஏற்றிவிட்டது. எழுத்தே தெரியாதவள் முன்னால் முழுச் சொற்கள் வந்து நின்றன.

மே மாதம் ஆய்வாளர் ஸ்தோயேவா வந்தார். எமினேயின் பக்கத்தில், சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். கணினி ஒரு சொல்லை உச்சரித்தது. எமினே திரையைத் தொடவில்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆய்வாளர் ஒவ்வொரு படியாகக் கீழிறங்கி, கடைசியில் முதல் எழுத்தைக் காட்டினார். அதற்கும் அவள் அசையவில்லை.

"கணினிக் கணக்குப்படி போன வாரம் முழுச் சொல் படிச்சவ, இன்னிக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாம நிக்கிறா. இவளுக்கு வலிப்பு ஏதாவது வந்துச்சா?"

இல்லை என்றேன். இன்று கூச்சப்படுகிறாள் என்றும் சொன்னேன்.

கூச்சத்தில் எழுத்து மறக்காது என்று சொல்லிவிட்டு, மருத்துவக் குழுவுக்கு அனுப்பும் படிவத்தை எடுத்தார். அதற்குப் பின் வருவதை நான் அறிவேன்: சோதனைகள், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான தனிப் பள்ளி. எதிர்த்துக் கேட்க அவள் பெற்றோருக்கு எங்கள் மொழி போதாது. அவர் குழந்தையின் பெயரை எழுதத் தொடங்கினார். இன்னொரு பொய் என் நாக்கில் தயாராக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அதையெல்லாம் படிச்சது நான்," என்றேன்.

பேனா நின்றது. "எப்பலேருந்து?"

"பிப்ரவரியிலேருந்து. இவளுக்கு மட்டும்தான்."

"அப்ப மூணு மாசமா இவளுக்கு மட்டும் யாருமே சொல்லித் தரல."

ஆய்வாளர் படிவத்தை இரண்டாகக் கிழித்துவிட்டு, வெற்றுத்தாள் ஒன்றை எடுத்து, அறிக்கையில் எழுத என் முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

அப்போது எமினே என்னைப் பார்த்துத் துருக்கியில் ஏதோ கேட்டாள்.

"என்ன கேக்குறா?" என்றார் ஆய்வாளர்.

எனக்குத் துருக்கி தெரியாது என்றேன்.